இருபத்தெட்டுப் பேரும் ஒரு பஞ்சுப் போர்வையும்

ஓஷ், 12 ஏப்ரல் 2018

தங்கச்சி இனோபத்துக்கு,

தோஜிகான் அக்காவின் சலாம். நீ, உன் வீட்டுக்காரர், மகள் ஷஹ்லோ எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே நான், மமசோலி, நாலு பிள்ளைகள், ஒரு சினைப்பசு, ஆறு உயிரும் சுகம். பசுவைச் சேர்த்தால் ஏழு. எனக்குக் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். டாக்ஸிக்கார சத்தார் உன் ஹல்வாப் பொட்டலத்தையும் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தான். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் நேரமாகும், தின்ன நேரமாகாது. அதனால் முதலில் ஹல்வாவை முடித்தேன். பிறகு படித்தால், ‘நம் ஷஹ்லோவுக்குச் சம்பந்தம் முடிந்தது, இதை உன் தெருவில் ஏழு வீட்டுக்குக் கொடுத்துச் சேதி சொல்’ என்று எழுதியிருக்கிறாய். ஏழு வீட்டுக்கும் வெறுங்கையோடு போனேன்.

“இனிப்பு எங்கடி?” என்றார்கள்.

“வேணும்னா வாயைத் திறந்து காட்டறேன், பார்த்துக்கோங்க” என்றேன்.

ஷஹ்லோவுக்கு என் முத்தம். கல்யாணப் போர்வைக்கு நான் வந்துதான் முதல் தையல் போட வேண்டும் என்கிறாய். புருஷனும் பிள்ளைகளுமாகக் குறையில்லாமல் வாழ்கிறவள்தான் அந்த ஊசியைத் தொடலாம், நம் சொந்தத்தில் அதற்கு நான்தான் என்கிறாய். படித்து ரொம்ப நேரம் சிரித்தேன். பசு ஈனட்டும், பார்க்கலாம்.

என் போனை எடுக்கமாட்டேன் என்ற சபதம் இன்னும் இருக்கிறதா? ‘உன் சிரிப்பைக் கேட்டால் என் கோபம் போய்விடும், எழுதுவதாக இருந்தால் எழுது’ என்று சொல்லி நாலு வருஷம். என் கையெழுத்துக்கும் சிரிக்கத் தெரியும், ஜாக்கிரதை.

விரல் வலிக்கிறது. உன் நெற்றியை முகர்ந்து நிறுத்துகிறேன்.

அக்கா

---

அந்திஜான், 3 மே

அக்கா,

சலாம். எல்லாரும் நலம். அங்கேயும் நலமென்று நம்புகிறேன்.

நான் இருபத்து மூன்று வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸ். பசு எப்போது ஈனும் என்று எனக்குத் தெரியாது. பொய்வலி எது என்று தெரியும்.

எல்லை திறந்து எட்டு மாதமாகிறது. ஓஷிலிருந்து இங்கே ஒரு மணி நேரம். நம் தெருவில் போகாதவர்கள் இல்லை, வராதவர்கள் இல்லை. நீ ஒருத்தி வரவில்லை.

அடைத்துக் கிடந்த காலத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் முத்திரை போட்ட தந்தி காட்டினால் விடுவார்கள். அப்பா இறந்த அன்று விடியற்காலையில் தபால் ஆபீஸ் கதவைத் தட்டி அந்த முத்திரையை வாங்கி அனுப்பினேன். தந்தி உன் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அடக்கத்தை மாலைவரை நிறுத்தி வைத்தோம். நீ வரவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20 போர்வை தைக்கும் நாள். 29 கல்யாணம். அன்றைக்கும் நீ வராவிட்டால் ஊசியை என் நாத்தனார் ஸலாமத்திடம் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு எனக்கு அக்கா இருந்தாள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இனோபத்

---

ஓஷ், 30 மே

என் கோபக்கார ராணிக்கு,

நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இங்கே மமசோலி பகலெல்லாம் தூங்கியே நோன்பைக் கழிக்கிறார். எழுப்பினால், “தூக்கமும் ஒரு வணக்கம்தாண்டி” என்கிறார்.

பசு ஈன்றுவிட்டது. காளைக்கன்று. உன்னை மாதிரியே முறைக்கிறது, அதனால் இனோபத் என்று பெயர் வைக்கப் பார்த்தேன். ஆண் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

ஸலாமத்திடமா ஊசி? அவள் தைத்த தலையணையில் படுத்து உன் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் கழுத்து திரும்பவில்லையே, மறந்துவிட்டாயா?

எனக்கும் வர ஆசைதான். இப்போது மமசோலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் வெயில். அப்புறம் பிளம்ஸ் காய வைக்கும் நாள். எப்படியும் பார்க்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதை இரண்டு தடவை படித்தேன்.

எல்லாருக்கும் சலாம்.

அக்கா

---

அந்திஜான், 21 ஜூன்

அக்கா,

பெருநாள் வாழ்த்து. நலம்.

எதிர்வீட்டு மாவ்ஜுதா பெருநாள் மறுநாள் ஓஷிலிருக்கும் அவள் மருமகன் வீட்டுக்குப் போய் வந்தாள். எல்லை வாசலில் வரிசை நீளம், பசி. அந்தப் பக்கம் போனதும் ஒரு பெண் தள்ளுவண்டியில் சம்சா விற்றாளாம். சூடு, உள்ளே வெங்காயம் நிறைய, ஆட்டுவால் கொழுப்பு. இரண்டு வாங்கியிருக்கிறாள். விற்றவள் இவளைப் பார்த்து, “இடுப்பைப் பார்த்தா மூணு வாங்கற ஆளாத் தெரியுதே” என்றாளாம். அந்தப் பேச்சிலேயே யாரென்று புரிந்துவிட்டது அவளுக்கு.

விசாரித்தாளாம். தினமும் அங்கேதான் நிற்கிறாயாம், நாலு வருஷமாக.

அந்த வாசலிலிருந்து நம் பக்கத்துக்கு இருநூறு அடி. உன் சம்சா எல்லை தாண்டி வருகிறது. நீ வரமாட்டாய். நாலு வருஷமாகத் தினமும் அங்கே நின்று நம் ஊர் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, எனக்குப் பசுவையும் இடுப்புவலியையும் எழுதியிருக்கிறாய்.

இதற்கு ஒரு பதில் எழுது. விளையாட்டாக எழுதாதே.

இனோபத்

---

அந்திஜான், 8 ஆகஸ்ட்

அக்கா,

ஏழு வாரம். பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு, இங்கிருந்து ஓஷுக்கு ஒருநாள் சுற்றுலா பஸ் போகிறது. சுலைமான் மலை, அருங்காட்சியகம், பெரிய சந்தை, மாலை திரும்புதல். இருபத்தெட்டுப் பேர். வழிகாட்டி எர்காஷ், முன்னாள் பூகோள வாத்தியார், தூண்டில் கழியில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு முன்னால் நடப்பவர். பெயர் கொடுத்துவிட்டேன்.

மலை பார்க்க வரவில்லை. மதியம் ஒரு மணிக்கு மலையடிவாரத் தேநீர்க் கடையில் எங்களுக்குச் சாப்பாடு. அங்கே வா. அப்பாவின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை, கல்யாணத்துக்கு ஏன் வரமாட்டாய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டுப் போய்விடு.

இனோபத்

---

ஓஷ், 19 ஆகஸ்ட்

இனோபத்,

சலாம். சுகம். ஏழு வாரத்தில் ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன். அடுப்பு பற்றவைக்க உதவியது.

நேரில் கேட்டால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் இதிலேயே சொல்கிறேன்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. சிவப்பு அட்டை போட்ட பழையது இருக்கிறது. 1989இல் கல்யாணமாகி வந்தபோது வைத்திருந்தேனே, அதுதான். இதுவும் அதுவும் ஒரே நாடாக இருந்தது, பஸ் ஏறினேன், வந்தேன். நாடு பிரிந்ததும் எல்லாரும் புதுசு வாங்கினார்கள். மமசோலி, “அடுத்த வாரம் போலாம்” என்றார். அப்படியே அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் போனோம். அந்திஜானில் பதிந்த பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அதை வாங்க அந்திஜான் போக வேண்டும். அந்திஜான் போக பாஸ்போர்ட் வேண்டும். இருபது வருஷமாக இந்தச் செக்கைச் சுற்றி வருகிறேன்.

இன்னொன்று. எங்கள் நிக்காஹ் மௌலவி முன்னால் நடந்தது. பதிவு ஆபீஸில் எழுதவில்லை. அறுவடை முடியட்டும் என்றார்கள், அப்புறம் கலவரம், அப்புறம் என்னிடம் எழுத ஒரு காகிதமும் இல்லை. சர்க்கார் கணக்கில் நான் ஐம்பத்தொரு வயசுக் கன்னிப்பெண், நாலு பிள்ளைகளோடு. குடும்பம் நிறைந்தவளிடம் முதல் தையல் கேட்டாயே, அதற்குத்தான் அத்தனை நேரம் சிரித்தேன். ஸலாமத்துக்கு இது தெரிந்தால் போர்வையை எரித்துவிடுவாள்.

உன் தந்தி வந்த நாளைச் சொல்கிறேன். கையில் பிடித்துக்கொண்டு எல்லை வாசலுக்கு ஓடினேன். முத்திரையைப் பார்த்த சிப்பாய் தலையாட்டினான். அப்புறம் சிவப்புப் புத்தகத்தைத் திறந்தான். நல்ல பையன், என் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். “பெரியம்மா, இந்த நாடே இப்ப இல்லையே, நான் எப்படி விடுவேன்?” என்றான். நான் போகவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அப்பாவை மாலைவரை வைத்திருந்தீர்கள் என்று இப்போதுதான் எழுதினாய். அதை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

அங்கிருந்துதான் நம் ஊர்ப் பக்கத்துப் பாப்ளார் மரங்கள் தெரியும். ஒரு வாரம் கழித்துத் தள்ளுவண்டியோடு போனேன். சும்மா நின்றால் விரட்டுவார்கள், சம்சா விற்றால் விரட்டமாட்டார்கள். எல்லை அடைத்திருந்தாலும் சிப்பாய்களுக்குப் பசிக்குமே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ‘என் மகளை நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறேன்’ என்று அப்பா சந்தையில் பேசிக்கொண்டு திரிவாரே. அவர் இருக்கும்வரை அவருக்காகச் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல நீ போனை எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் வர முடியாது, கண்ணு. மலையடிவாரத்துக்கு வருகிறேன்.

அக்கா

---

அந்திஜான், 29 ஆகஸ்ட்

என் அக்காவுக்கு,

சலாம். இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். என் மாமியார் பார்த்து யார் செத்தார்கள் என்று கேட்டார்.

நாலு வருஷம் நான் போனை எடுக்காததற்கு இங்கே ஒன்றும் எழுதமாட்டேன். அதற்கு வார்த்தை இல்லை. செய்யக்கூடியதை எழுதுகிறேன்.

மாவ்ஜுதாவும் அந்த பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அழுதாள், சம்மதித்தாள். அவள் சந்தையிலிருந்து மருமகன் வீட்டுக்குப் போய்விடுவாள், கல்யாணம் முடியும்வரை அங்கேயே இருப்பாள். நீ அவள் பூப்போட்ட முக்காட்டைக் கட்டிக்கொண்டு அவள் இடத்தில் உட்கார். எர்காஷ் எல்லா பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்கிறார். வாசலில் பெயர் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். உங்கள் இருவருக்கும் ஒரே உருண்டை முகம். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வழியில் திரும்பிவிடலாம்.

தப்பு என்று தெரியும். நான் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, அதனால் என்னை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஷஹ்லோவுக்கு நீ வேண்டும். எனக்கு அவளைவிட வேண்டும்.

இனோபத்

---

ஓஷ், 6 செப்டம்பர்

கடத்தல்காரி இனோபத்துக்கு,

சலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மமசோலி, “உன் தங்கச்சி நல்லவன்னு நெனச்சேனே” என்றார். “நல்லவதான், இப்பத்தான் நம்ம குடும்பத்தில சேர்ந்திருக்கா” என்றேன்.

கேள். அந்த வாசலை நாலு வருஷமாகப் பார்க்கிறேன். போன மாதம் ஒருத்தி தன் அக்கா பாஸ்போர்ட்டில் வந்து மாட்டினாள். இரண்டு பேரையும் உட்கார வைத்து எழுதினார்கள், எழுதினார்கள், இருட்டிய பிறகும் எழுதினார்கள். நீ மாட்டினால் உன் வேலை போகும். எர்காஷ் இனி மஞ்சள் துணி பிடிக்க முடியாது. எனக்கும் ஒன்று இருக்கிறது. இங்கே என்னைப் போலக் காகிதம் இல்லாதவர்களின் பெயரை வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். என் பெயரும் எழுதியாகிவிட்டது. பிறப்புச் சான்று மட்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் திருட்டுப் பாஸ்போர்ட்டில் பிடிபட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வருவதாக நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பிலேயே இரண்டு தட்டு சம்சா கருகிப்போனது.

நான் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. போர்வையைக் கொண்டு வா. மாவ்ஜுதாவின் மருமகன் போன் நம்பரைக் கேட்டுச் சத்தாரிடம் சொல்லி அனுப்பு. மற்றது நேரில்.

அக்கா

---

அந்திஜான், 22 செப்டம்பர்

அக்கா,

சலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ அங்கே இருந்தவள்தான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சிலிருந்து இறங்காது.

காலையில் வாசலில் அதிகாரி போர்வை மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன இது?”

“போர்வை.”

“ஒரு நாள் சுற்றுலாவுக்கா?”

“எனக்குக் குளிரும்.”

“வெளியில வெயில் மண்டையைப் பிளக்குதும்மா.”

எர்காஷ் பின்னாலிருந்து, “இருபத்தெட்டு ஆளு, ஒரு போர்வை, எல்லாம் நம்ம குரூப்தான் ஐயா” என்றார். விட்டுவிட்டார்கள்.

மலையில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. கடிகாரம்தான் பார்த்தேன். தேநீர்க் கடையில் நீ எழுந்து நின்று, “நரைச்சுட்டியேடி!” என்றாய். நான், “நீ உருண்டுட்ட” என்றேன். எல்லையை அடைத்த பிறகு, எட்டு வருஷம் கழித்து நேரில் முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு சோறு ஆறும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை. போர்வை மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை, எர்காஷ் விசில் ஊதிவிட்டார்.

சந்தையில் மாவ்ஜுதா நழுவினாள். நீ அவள் முக்காட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாய். எர்காஷ் கழியால் ஒவ்வொரு தலையாகக் காட்டி எண்ணினார். காலையிலிருந்து அவர் தலையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. “இருபத்தெட்டு! சரி, போலாம்” என்றார். பஸ் நகர்ந்தது. நீ நிதானமாகப் போர்வையைப் பிரித்து மடியில் போட்டு, ஊசி கோத்து, முதல் தையல் போட்டாய். பிஸ்மில்லா சொன்னது எனக்குக் கேட்டது. அப்புறம் தைத்துக்கொண்டே வந்தாய், ஒரு கை நீளத்துக்கு. எனக்குத்தான் பல் தந்தியடித்தது.

வாசலில் பஸ் நின்றது. எர்காஷ் பையைத் திறந்து கூப்பிட்டார். எனக்கு முன்னால் ஒன்பது பெயர். என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்தது, “மாவ்ஜுதா!”

நீ வாயைத் திறக்கவில்லை.

“மாவ்ஜுதா! தூங்கிட்டீங்களா அக்கா?”

உன் மணிக்கட்டைப் பிடித்தேன். வெளியில் ஒரு சிப்பாய் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துவிட்டு, “அக்கா, இன்னிக்கு சம்சா இல்லையா?” என்றான். என் உயிர் அங்கேயே போனது. நீ அவனிடம், “ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுடா, சுற்றுலா போயிருந்தேன்” என்றாய். அப்போதுதான் பின்னால் ஒரு கார் கிறீச்சென்று நின்று, “இருக்கேன், இருக்கேன்! வந்துட்டேன்!” என்று மாவ்ஜுதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எர்காஷ் இருபத்தொன்பதாவது தலையைப் பார்த்துக் கழியைக் கீழே போட்டுவிட்டார்.

மருமகனுக்குப் போன் பண்ணி அவளை ஐந்து மணிக்கு வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னது நீதான் என்று மாவ்ஜுதா வழியில் சொன்னாள். வரப்போவதில்லை என்று உனக்கு முதலிலேயே தெரியும். பிறகு ஏன் பஸ் ஏறினாய்? இருபது நிமிஷம் என்னை ஏன் அப்படி நடுங்க வைத்தாய்? வார்டில் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்று எழுபது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் மடியில் போர்வையைத் தள்ளிவிட்டுக் குதித்து இறங்கினாய். நானும் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ பக்கத்து வண்டியிலிருந்து ஒரு தர்பூசணியைத் தூக்கி வயிற்றோடு கட்டிக்கொண்டு, “போ, போ, வரிசை போகுது” என்றாய். என்னைத் தொடவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அதே தர்பூசணியோடு நின்றாய். அக்கா, இன்னும் கோபமா?

இத்துடன் உன் பிறப்புச் சான்று. மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றேன். பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்துகூட இருந்தது. பத்திரம்.

20ஆம் தேதி பெண்கள் வந்தபோது போர்வையைத் திண்டுகளின் மேல் மடித்தபடியே வைத்து, முதல் தையல் என் அக்கா போட்டாயிற்று என்று சொன்னேன். மற்ற மூன்று போர்வைகளை அவர்கள் தைத்தார்கள். உன்னுடையதை யாரும் பிரிக்க நான் விடவில்லை, அதைக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நானே முடிக்கப் போகிறேன். ஸலாமத் ஏதோ சொல்ல வந்தாள், நான் பார்த்த பார்வையில் தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

இன்று முதல் போனை எடுப்பேன். ஆனாலும் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

உன் இனோபத்

---

ஓஷ், 26 செப்டம்பர்

என் நூற்று எழுபது இனோபத்துக்கு,

சலாம். சுகம். மாத்திரை சாப்பிடு.

சான்று வந்தது. மமசோலி அதைத் தொடுவதற்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். உள்ளே இருந்த பெண் பார்த்து, “குறையில்லை, எடுத்துக்கறோம். வசந்தத்துக்குள்ள ஆகிடும்” என்றாள். அதற்குமுன் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டுமாம். மணப்பெண்ணுக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்பார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று மமசோலியிடம் சொல்லியிருக்கிறேன். மனுஷர் இரண்டு நாளாகத் தானே விறகு வெட்டுகிறார்.

ஏன் பஸ் ஏறினேன் என்று கேட்டாய். தேநீர்க் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒன்றும் பேச வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் பேச வேண்டாம். ஊருக்குப் போகிற பஸ்ஸில், உன் தோள் என் தோளில் இடிக்க, வாசல் வரைக்குமாவது வரலாம் என்று தோன்றியது. உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ வழியெல்லாம் அழுதிருப்பாய், எனக்கு ஊசி பிடித்திருக்காது. நடுங்க வைத்தது தப்புதான். எர்காஷிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு தட்டு சம்சா அனுப்பியிருக்கிறேன்.

கோபம் இல்லை. தர்பூசணி விஷயம் இதுதான். நீ அந்தப் போர்வையைப் பிரிக்கும்போது இடது மூலையில் கோடு போட்ட பச்சைப் பட்டுத்துணி ஒரு துண்டு சேர்த்துத் தைத்திருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததில்லை. மடியில் போட்டுத் தைத்தேன் இல்லையா, போர்வையோடு என் உடையின் முன்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். எழுந்து குதித்தபோது அது கிழிந்து போர்வையோடு நின்றுவிட்டது, நான் மட்டும் இறங்கினேன். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். அதனால் தர்பூசணியைக் கீழே வைக்க முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே வேன் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். மமசோலி அதை வாங்கி வெட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

அக்கா